மூன்று வயதுக்கு ஒரு தேர்வு: எப்சம் டெர்பியும் அது உருவாக்கிய குதிரை இனமும்

லண்டனுக்குத் தெற்கே, சர்ரே மாவட்டத்தின் சுண்ணக்கல் மேட்டில், புல்வெளியாகப் பரந்து கிடக்கும் எப்சம் குன்றின் ஒரு கோடியில், ஜூன் மாதத் தொடக்கத்துச் சனிக்கிழமை ஒன்றின் பிற்பகலில், வண்ணச் சட்டை அணிந்த ஜாக்கிகளைச் சுமந்த பதினைந்து, இருபது குதிரைகள் இரும்புக் கூண்டுகளுக்குள் வரிசையாக நிறுத்தப்படுகின்றன. கதவுகள் ஒரே கணத்தில் திறந்ததும் அவை மேட்டை நோக்கிப் பாய்ந்து, ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்தை ஓடியே ஏறி, உச்சியைத் தொட்ட வேகம் தணியாமல் இடப்புறமாகத் திரும்பிச் சரிவில் இறங்கி, டாட்டன்ஹாம் கார்னர் எனப்படும் வளைவைக் கடந்து, உள்வேலியின் பக்கமாகச் சாய்ந்திருக்கும் நேர்ப்பாதையில் நிலைகுலையாமல் ஓடி, இறுதியில் மீண்டும் எழும் சிறு மேட்டில் எஞ்சிய மூச்சையெல்லாம் செலவிட்டு எல்லைக் கம்பத்தை அடைய வேண்டும். ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும் இந்த ஓட்டமே டெர்பி. ஓடும் குதிரை மூன்று வயதுடையதாக இருக்க வேண்டும் என்பது விதியாதலால், எந்தக் குதிரைக்கும் இதில் ஓடும் வாய்ப்பு வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் கிடைக்கிறது.

1780-இல் தொடங்கி, இரண்டு உலகப் போர்களின்போது நியூமார்க்கெட் நகரத்துக்கு இடம்பெயர்ந்த நிலையிலும் ஓராண்டுகூட நிற்காமல் நடந்துவந்து, 2025-இல் 246-ஆவது முறையாக ஓடி முடிந்த இப்பந்தயத்தைச் சூதாட்டத்தோடு இணைந்த பொழுதுபோக்காக மட்டும் கருதுவது அதன் வரலாற்றைப் பாதியில் நிறுத்துவதாகும். எந்தக் குதிரையின் இரத்தம் அடுத்த தலைமுறைக்குச் செல்ல வேண்டும் என்பதை ஒரு பிற்பகலின் முடிவைக் கொண்டு தீர்மானிக்கும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றியதில் இக்குன்றுக்குப் பெரும் பங்குண்டு. எதை அளவுகோலாக வைக்கிறார்களோ அதற்கேற்பவே ஓர் இனம் உருவாகிறது; அளவுகோலை வைத்தவர்களுக்கு அவ்வினத்தின்மீது கடமையும் உண்டு என்பதே டெர்பியின் வரலாறு இன்று முன்வைக்கும் பொருள்.

ஒரு பிரபுவின் யோசனை, ஓர் இனத்தின் விதி

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இங்கிலாந்தின் பந்தயக் களம் ஐந்து, ஆறு வயது முதிர்ந்த குதிரைகளுக்கு உரியதாக இருந்தது. நான்கு மைல் வரையிலான தூரத்தை ஒரே நாளில், சிறு இடைவெளிகளுடன், இரண்டு மூன்று முறை ஓடிக்காட்டிய குதிரையே வெற்றிபெற்றது. வேகத்தைவிடத் தாங்கும் வலிமையே அங்கு மதிக்கப்பட்டது. குதிரை முதிரும்வரை ஆண்டுக்கணக்கில் தீனியிட்டுக் காத்திருக்க விரும்பாத உரிமையாளர்கள், இளம் குதிரைகளைக் குறைந்த தூரத்தில் ஒரே ஓட்டமாக ஓடவிடும் முறைக்கு மெல்ல மாறியபோது, 1776-இல் டான்காஸ்டர் நகரில் மூன்று வயதுக் குதிரைகளுக்கென ஒரு பந்தயம் தொடங்கப்பட்டு, பின்னர் செயின்ட் லெஜர் என்ற பெயரைப் பெற்றது.

டெர்பி என்ற பெயருடைய பிரபுப் பட்டத்தின் பன்னிரண்டாவது வாரிசான எட்வர்டு ஸ்மித்-ஸ்டான்லி, 1779-இல் மூன்று வயதுப் பெண் குதிரைகளுக்கு மட்டும் எப்சமில் ஒரு பந்தயத்தை ஏற்படுத்தி, அருகிலிருந்த தம் மாளிகையின் பெயரால் அதற்கு 'ஓக்ஸ்' என்று பெயரிட்டார். மறு ஆண்டு, 1780 மே 4 அன்று, ஆண், பெண் இருபாற் குதிரைகளும் ஓடக்கூடிய பந்தயம் ஒன்று அவர் பட்டத்தின் பெயரிலேயே நடைபெற்றது. பந்தயத்துக்கு யார் பெயரை இடுவது என்பதைப் பிரபுவும் அவர் நண்பர் சர் சார்லஸ் பன்பரியும் நாணயம் சுண்டி முடிவுசெய்தனர் என்ற கதை, உறுதியான சான்றின்றி இன்றும் சொல்லப்பட்டு வருகிறது. முதல் டெர்பியில் வென்ற டயோமெட் பன்பரியின் குதிரை என்பதோ ஐயமற்ற செய்தி. முதலில் ஒரு மைலாக இருந்த தூரம் 1784-இல் ஒன்றரை மைலாக உயர்த்தப்பட்டது.

இப்பந்தயங்களில் ஓடுவது 'தரோபிரெட்' எனப்படும் தனி இனம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கிழக்கு நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன் ஆகிய மூன்று ஆண் குதிரைகளையும் உள்நாட்டுப் பெண் குதிரைகளையும் கொண்டு உருவாக்கப்பட்ட இவ்வினத்தின் வம்சாவளி, 1791-இல் ஜேம்ஸ் வெதர்பி வெளியிடத் தொடங்கிய பதிவேட்டில் தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டு வருகிறது. பெற்றோர் இருவரும் பதிவேட்டில் இடம்பெற்றிருந்தாலன்றிக் குட்டி தரோபிரெட்டாகக் கருதப்படுவதில்லை. பதிவேடு யார் யாருடைய வாரிசு என்பதைச் சொன்னது. அவ்வாரிசுகளுள் சிறந்தது எது என்பதைச் சொல்ல ஒரு தேர்வு வேண்டியிருந்தது. அந்த இடத்தை டெர்பி நிரப்பியது.

தேர்வின் நோக்கம் இனப்பெருக்கமே என்பதற்கு விதிகளிலேயே சான்றுண்டு: காயடிக்கப்பட்ட குதிரைகள் 1906 முதல் டெர்பியில் ஓட அனுமதிக்கப்படுவதில்லை. பொலிகுதிரையாக, அதாவது இனப்பெருக்கத்துக்குரிய ஆண் குதிரையாக ஆக முடியாத ஒன்று எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதை அளந்து பயனில்லை என்பதே இவ்விதியின் பொருள். ஆனால் பொலிகுதிரையாக ஒரு குதிரை தரும் பயனை ஒரு பிற்பகல் முழுமையாகச் சொல்லிவிடாது என்பதை முதல் வெற்றியாளரான டயோமெட்டின் வாழ்வே காட்டியது. இங்கிலாந்தில் மதிப்பிழந்து, 1798-இல் தன் 21-ஆவது வயதில் வெறும் 50 கினிக்கு விற்கப்பட்டு அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட அக்குதிரை, அங்கே சர் ஆர்ச்சி போன்ற வாரிசுகளுக்குத் தந்தையாகி அமெரிக்கப் பந்தயக் குதிரை வம்சத்தின் மூதாதைகளுள் ஒன்றானது.

பெட்டிச் செய்தி: டெர்பி சில குறிப்புகள்

• தூரம்: ஒன்றரை மைலுக்குச் சற்றே கூடுதல், ஏறத்தாழ 2,420 மீட்டர்.
• குறைந்த நேரம்: 2010-இல் ஒர்க்ஃபோர்ஸ் என்ற குதிரை எடுத்துக்கொண்ட 2 நிமிடம் 31.33 விநாடி.
• மிக அதிக இடைவெளியில் வெற்றி: 1981-இல் ஷெர்கர், 10 குதிரை நீளம்.
• அதிக வெற்றி பெற்ற ஜாக்கி: லெஸ்டர் பிகட், 1954 முதல் 1983 வரை 9 முறை, முதல் வெற்றியின்போது அவருக்கு வயது 18.
• அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளர்: அயர்லாந்தின் எய்டன் ஓ'பிரயன், 2025 வரை 11 முறை.
• வென்ற பெண் குதிரைகள்: 1801, 1857, 1882, 1908, 1912, 1916 ஆகிய ஆண்டுகளில் தலா ஒன்றாக மொத்தம் 6 மட்டுமே.
• ஆட்சியிலிருக்கும்போதே டெர்பியை வென்ற ஒரே பிரிட்டிஷ் அரசர்: ஏழாம் எட்வர்டு, 1909-இல் மினோரு என்ற குதிரையால்.

பல்லில் இருந்த உண்மை

வயதே விதியின் மையமாக இருந்ததால், வயதிலேயே மோசடியும் நுழைந்தது. 1844-ஆம் ஆண்டு டெர்பியில் 'ரன்னிங் ரெய்ன்' என்ற பெயரில் ஓடி முதலில் வந்த குதிரை உண்மையில் மக்கபியஸ் என்ற நான்கு வயதுக் குதிரை என்ற புகார் பந்தயத்துக்கு முன்பே எழுந்திருந்தது. முழுதாக வளராத மூன்று வயதுக் குதிரைகளுக்கு நடுவே, ஓராண்டு கூடுதலாக எலும்பும் தசையும் இறுகிய ஒன்றை ஓடவிட்டால் பந்தயம் தொடங்குமுன்பே அதன் முடிவு பெரும்பாலும் எழுதப்பட்டுவிடுகிறது. லார்டு ஜார்ஜ் பென்டிங்க் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் முனைந்து திரட்டிய சான்றுகளோடு வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றபோது, குதிரையின் வயதை அதன் பல்வரிசையைப் பார்த்தே கணிக்க முடியும் என்பதால், நீதிபதி ஆல்டர்சன் குதிரையை நேரில் கொண்டுவந்து காட்டும்படி வற்புறுத்தினார். ரன்னிங் ரெய்னின் தரப்பு குதிரையைக் கொண்டுவர இயலாததால் அதன் வழக்கு சரிந்தது. இரண்டாவதாக வந்த, பிரதமர் ராபர்ட் பீலின் சகோதரர் ஜோனதன் பீலுக்குச் சொந்தமான ஆர்லாண்டோவுக்கு வெற்றி வழங்கப்பட்டது.

இந்நிகழ்வு இங்கிலாந்தின் பந்தய உலகைத் தூய்மைப்படுத்தும் முயற்சிகளுக்கு வலுவூட்டியது. குதிரையின் அடையாளத்தை உறுதிசெய்யும் பணி பிற்காலத்தில் அங்க அடையாளப் பதிவு, மரபணுச் சோதனை, தோலுக்கடியில் பதிக்கப்படும் மைக்ரோசிப் என வளர்ந்திருப்பதன் பின்னால், வம்சாவளியும் வயதும் பொய்யாகிவிட்டால் பந்தயத்தின் முடிவுக்கு எந்தப் பொருளும் இராது என்ற இந்தப் பழைய பாடமே இருக்கிறது.

பொது நிலத்தில் கூடிய தேசம்

டெர்பிக்குக் கிடைத்த செல்வாக்கின் மற்றொரு காரணம் அது நடந்த இடம். எப்சம் குன்று மதில் சூழ்ந்த தனியார் மைதானமாக இராமல் பொதுமக்கள் நடமாடும் வெளியாக இருந்ததால், கட்டணம் செலுத்த இயலாதவர்களும் குன்றின் மேல் நின்று இலவசமாகப் பந்தயத்தைப் பார்க்க முடிந்தது. விக்டோரியா காலத்தில் பல பத்தாண்டுகளுக்கு டெர்பி நாளன்று நாடாளுமன்றமே அவையை ஒத்திவைக்கும் வழக்கம் நிலவியது. வில்லியம் பவல் ஃப்ரித் 1858-இல் காட்சிக்கு வைத்த 'டெர்பி நாள்' ஓவியத்தில் குதிரைகள் பின்னணிக்குப் போய்விட, பிரபுக்களும் கழைக்கூத்தாடிகளும் சூதாடிகளும் பிச்சையெடுப்போரும் ஒரே சட்டத்துக்குள் நெருங்கி நிற்கின்றனர். அதைக் காண வந்த கூட்டத்தின் நெரிசலிலிருந்து ஓவியத்தைக் காக்கக் கம்பித் தடுப்பு வைக்க வேண்டியிருந்தது.

தேசம் முழுவதும் கண் வைத்திருக்கும் மேடை என்பதாலேயே அரசியல் எதிர்ப்பும் அங்கு வந்து சேர்ந்தது. பெண்களுக்கு வாக்குரிமை கோரிப் போராடி, சிறையில் உண்ணாநோன்பிருந்து, பலமுறை வலுக்கட்டாயமாக உணவு செலுத்தப்பட்ட எமிலி வைல்டிங் டேவிசன், 1913 ஜூன் 4 அன்று டாட்டன்ஹாம் கார்னரில் வேலிக்கடியில் நுழைந்து ஓடுபாதைக்குள் சென்று, அரசர் ஐந்தாம் ஜார்ஜின் குதிரையான ஆன்மர்மீது மோதி வீழ்ந்தார். நினைவு திரும்பாமலே நான்கு நாள் கழித்து இறந்தார். அவர் உயிரைக் கொடுக்கவே சென்றாரா, குதிரையின்மீது இயக்கத்தின் கொடியை மாட்ட முயன்றாரா என்ற விவாதம் நூறாண்டுக்குப் பின்னும் முடியவில்லை. ஆயினும் திரைப்படக் கருவிகள் பதிவுசெய்த அந்தச் சில விநாடிகள் உலகெங்கும் காட்டப்பட்டன. 1918-இல் முப்பது வயது கடந்த, தகுதி வரையறைக்குட்பட்ட பெண்களுக்கும், 1928-இல் ஆண்களுக்குச் சமமாக அனைத்துப் பெண்களுக்கும் பிரிட்டனில் வாக்குரிமை கிடைத்த வரலாற்றோடு எப்சமின் பெயரும் இணைந்துவிட்டது.

பெட்டிச் செய்தி: இந்தியத் தொடர்பு

1934-இல் டெர்பியை வென்ற விண்ட்சர் லாட், குஜராத்தின் ராஜ்பிப்லா சமஸ்தானத்து மகாராஜா விஜய்சின்ஜியின் குதிரை. கராச்சியில் பிறந்த மூன்றாம் ஆகா கான் 1930 முதல் 1952 வரை ஐந்து முறையும், அவர் பேரர் நான்காம் ஆகா கான் 1981 முதல் 2016 வரை ஐந்து முறையும் இப்பந்தயத்தை வென்றனர். எப்சமின் மாதிரியில் 1943-இல் தொடங்கிய இந்தியன் டெர்பி மும்பை மகாலட்சுமி மைதானத்தில் நடைபெறுகிறது. அதில் ஓடுபவை நான்கு வயதுக் குதிரைகள். சென்னை கிண்டியிலும் டெர்பி என்ற பெயரில் பந்தயம் நடந்துவந்துள்ளது. குதிரைப் பந்தயத்துக்குத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த தடை தொடர்பான வழக்கில், வம்சாவளி, பயிற்சி, ஜாக்கியின் ஆற்றல் ஆகியவற்றை எடைபோடும் திறனே முடிவில் முதன்மை பெறுகிறது என்ற அடிப்படையில், குதிரைப் பந்தயம் திறன் சார்ந்த விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது.

வெற்றிக்குப் பின் ஓய்வு, ஓய்வுக்குப் பின் செல்வம்

டெர்பியின் பெயரும் வடிவமும் நாடு கடந்தன. 1872-இல் எப்சமுக்கு வந்து சென்ற மெரிவெதர் லூயிஸ் கிளார்க் 1875-இல் கென்டக்கி டெர்பியைத் தொடங்கினார். அயர்லாந்து 1866-லும், ஜெர்மனி 1869-லும், ஜப்பான் 1932-லும் தத்தம் டெர்பிகளை நடத்தத் தொடங்கின. உலகின் பல மூலைகளில் மூன்று வயதுக் குதிரைகளின் தேர்வு ஆண்டு நாட்காட்டியின் உச்சமானபோது, குதிரை வளர்ப்பின் பொருளாதாரமும் அந்த வயதைச் சுற்றியே அமைந்தது.

பரிசுத் தொகையைவிடப் பல மடங்கு வருவாய், வென்ற குதிரை பொலிகுதிரையாக நிற்கும் பண்ணையில் கிடைக்கிறது. தரோபிரெட் பதிவேடு செயற்கைக் கருவூட்டலை ஏற்பதில்லை. ஒவ்வொரு குட்டியும் இயற்கையான இணைவில்தான் பிறக்க வேண்டும். அவ்வாறிருந்தும் புகழ்பெற்ற ஒரு குதிரை ஒரே பருவத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண் குதிரைகளோடு இணைக்கப்படுவதும், வட கோளத்தில் பருவம் முடிந்ததும் சில பொலிகுதிரைகள் விமானத்தில் ஆஸ்திரேலியா போன்ற தென்கோள நாடுகளுக்கு அனுப்பப்படுவதும் வழக்கமாகிவிட்டன. இதனால்தான் 1970-இல் மூன்று மகுடங்களையும், அதாவது டூ தௌசண்ட் கினீஸ், டெர்பி, செயின்ட் லெஜர் ஆகிய மூன்றையும் வென்ற நிஜின்ஸ்கியும், 2001-இல் டெர்பியை வென்ற கலிலியோவும் மூன்று வயதோடு ஓட்டத்தை முடித்துக்கொண்டன. பொலிகுதிரையின் மதிப்பு எத்தகைய ஆபத்தையும் அழைத்துவரும் என்பதை, 1983 பிப்ரவரியில் அயர்லாந்துப் பண்ணையிலிருந்து ஆயுதமேந்தியவர்களால் கடத்தப்பட்டு, பின்னர் ஒருபோதும் மீட்கப்படாத ஷெர்கரின் முடிவு காட்டியது.

இந்தப் பொருளாதாரத்தின் ஆழமான விளைவு இரத்தத்தில் தெரிகிறது. இன்றைய தரோபிரெட் ஆண் குதிரைகளுள் மிகப் பெரும்பான்மையானவற்றின் நேர் ஆண்வழி, 1704-இல் சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்த டார்லி அரேபியனில் சென்று முடிகிறது. 1961-இல் கனடாவில் பிறந்த நார்தர்ன் டான்சரின் பெயர் இன்று பெரும்பாலான வம்சாவளிகளில் பலமுறை இடம்பெறுகிறது. அதன் பேரனான கலிலியோ மட்டுமே ஐந்து டெர்பி வெற்றியாளர்களுக்குத் தந்தையாகியது. மரபணு ஆய்வுகள் கடந்த அரை நூற்றாண்டில் உள்ளினச் சேர்க்கை, அதாவது நெருங்கிய உறவுகளுக்குள் இணைவதால் மரபு வேறுபாடு சுருங்குவது, கூடிவந்திருப்பதைக் காட்டியுள்ளன. ஒரு பொலிகுதிரை ஆண்டுக்கு 140 பெண் குதிரைகளுக்கு மேல் இணையக்கூடாது என்ற வரம்பை அமெரிக்கப் பதிவு அமைப்பு 2020-இல் விதித்தபோது, பெரும் பண்ணைகள் நீதிமன்றம் சென்றன; 2022-இல் அவ்விதி திரும்பப் பெறப்பட்டது. இனத்தின் நெடுங்கால நலனும் பண்ணையின் உடனடி வருவாயும் மோதியபோது, இம்முறை வருவாயே வென்றது.

வளரும் எலும்பின் மீது

மூன்றாம் வயதின் ஜூன் மாதத்தில் உச்ச வலிமையோடு நிற்க வேண்டிய குதிரை, ஏறத்தாழ ஒன்றரை வயதிலேயே சேணத்துக்கும் மனித எடைக்கும் பழக்கப்படுத்தப்படுகிறது. வட கோளத்தில் எல்லாத் தரோபிரெட்களுக்கும் ஜனவரி 1 அன்றே வயது கூட்டப்படுவதால், ஜனவரியில் பிறந்த குட்டியும் மே மாதத்தில் பிறந்த குட்டியும் ஒரே வயதாகக் கணக்கிடப்படுகின்றன. முன்னதாகப் பிறப்பது நன்மை தரும் என்பதால், இளவேனிலில் இயல்பாகப் பருவமடையும் பெண் குதிரைகளின் லாயங்களில் குளிர்காலத்திலேயே செயற்கை ஒளியூட்டிப் பருவத்தை முன்னுக்கு இழுக்கின்றனர். நாட்காட்டியின் ஒரு விதி இவ்வாறு குதிரையின் கருப்பைக்குள்ளேயே சென்று வேலை செய்கிறது.

முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள எலும்பின் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளும் மென்பகுதி, இரண்டு அல்லது இரண்டரை வயதளவில்தான் மூடுகிறது. முதுகெலும்பில் அது ஐந்து வயதுக்குப் பின்னும் நீடிக்கிறது. இளம் வயதில் அளவாகத் தரப்படும் வேகப் பயிற்சி எலும்பை வலுப்படுத்துகிறது என்று கால்நடை மருத்துவ ஆய்வுகள் காட்டுவது உண்மையே. ஆனால் அளவாக என்ற சொல்லைக் காக்கும் பொறுப்பு, பரிசையும் பண்ணை வருவாயையும் எதிர்நோக்கியிருக்கும் மனிதர்களிடமே விடப்பட்டிருக்கிறது. எப்சமின் ஏற்றமும் சரிவும் வளைவும் ஒரு குதிரையின் சமநிலையை முழுமையாகச் சோதிப்பவை என்பதால், அங்கு வெல்லும் குதிரை சிறந்தது என்ற வாதத்துக்கு வலுவுண்டு. தோற்கும் குதிரைகளின் கால்களும் அதே சரிவில்தான் இறங்குகின்றன என்பதையும் அவ்வாதத்தோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

இக்கவலை இப்போது பொதுவெளிக்கு வந்துவிட்டது. பிரிட்டனில் தடைகளில்லாத தட்டைக்களப் பந்தயம் ஒன்றில் ஜாக்கி சாட்டையைப் பயன்படுத்தும் வரம்பு 2023-இல் ஆறு முறையாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு டெர்பி தொடங்கிய வேளையில் விலங்குரிமைப் போராளி ஒருவர் ஓடுபாதைக்குள் நுழைந்து காவலர்களால் அகற்றப்பட்டார்.

கூட்டமும் சந்தையும் விலகும் காலம்

நெடுங்காலம் புதன்கிழமையில் நடந்துவந்த டெர்பி, பார்வையாளரைக் கூட்டும் நோக்கில் 1995-இல் சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. ஆயினும் 2025-இல் கட்டணம் செலுத்தி வந்தவர்கள் ஏறத்தாழ 22,000 பேரே. ஒரு காலத்தில் லட்சக்கணக்கானோர் திரண்ட குன்றுக்கு இது மிகச் சிறிய எண்ணிக்கை. சந்தையும் வேறு திசையில் செல்கிறது. இரண்டு வயதிலேயே குறுந்தூரத்தில் ஓடிப் பணம் ஈட்டும் குட்டிகளையே வாங்குவோர் விரும்புவதால், ஒன்றரை மைல் ஓடும் தாங்குதிறன் கொண்ட வம்சங்களுக்கான கேட்பு குறைகிறது. பிரான்ஸ் டெர்பிக்கு இணையான தன் பந்தயத்தின் தூரத்தை 2005-இல் 2,400 மீட்டரிலிருந்து 2,100 மீட்டராகக் குறைத்தது. 2015-இல் எப்சமில் வென்ற கோல்டன் ஹார்ன், சில ஆண்டுகளிலேயே தடைதாண்டும் பந்தயக் குதிரைகளை உருவாக்கும் பண்ணைக்கு மாற்றப்பட்டது.

டெர்பியின் தூரத்தைக் குறைப்பது இதற்கு விடையாகாது. வேகத்தை மட்டும் அளக்கும் தேர்வு, சீக்கிரம் முதிர்ந்து சீக்கிரம் தேயும் குதிரைகளையே பெருக்கும். வேகம், தாங்குதிறன், சமநிலை ஆகிய மூன்றையும் ஒருங்கே கேட்கும் எப்சமின் கடுமை, இனத்தின் உறுதிக்கு இன்னும் எஞ்சியிருக்கும் சில காவல்களுள் ஒன்று. காக்கப்பட வேண்டியது அக்கடுமை. மாற்றப்பட வேண்டியது அதைச் சுற்றி வளர்ந்த பழக்கங்கள். நான்கு, ஐந்து வயதுக் குதிரைகளுக்கான பந்தயங்களின் பரிசை உயர்த்தினால், வெற்றிபெற்ற குதிரையை மூன்று வயதோடு களத்திலிருந்து அகற்றும் அவசரம் தணியும்; உறுதியாகப் பல ஆண்டுகள் ஓடிக்காட்டிய குதிரைகளின் வழித்தோன்றல்கள் பெருகும். பொலிகுதிரைகளின் இணைவுக்கு வரம்பு விதித்தால் மரபு வேறுபாடு காக்கப்படும். எல்லாக் குதிரைகளின் காயங்களும் இறப்புகளும் முழுமையாக வெளியிடப்பட்டால், எந்தப் பயிற்சி முறை எலும்பைக் காக்கிறது, எது முறிக்கிறது என்பதை ஊகத்துக்கு விடாமல் அறிய முடியும். ஓடி முடித்த குதிரைகளுக்கு மறுவாழ்வு தரப் பிரிட்டனின் பந்தயத் துறை 2000-இல் தனி அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கியது. அப்பணி நன்கொடையை நம்பியிராமல் ஒவ்வொரு குட்டியின் பதிவோடும் கட்டாய நிதியாக இணைக்கப்பட வேண்டும்.

1844-இல் ஒரு குதிரையின் பல்லைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் உறுதியாக நின்றதால், டெர்பியின் முடிவை மக்கள் மீண்டும் நம்பினர். இன்று அதே நம்பிக்கை குதிரையின் நலனைப் பற்றிய கேள்விக்கு நேர்மையான பதில் கிடைப்பதைச் சார்ந்திருக்கிறது. இரண்டரை நூற்றாண்டாக மூன்று வயதுக் குதிரைகளிடம் கடுமையான தேர்வைக் கேட்டுவந்தவர்கள், அக்குதிரைகள் நான்கு வயதிலும் பத்து வயதிலும் இருபது வயதிலும் எப்படி வாழ்கின்றன என்பதற்கு விடை சொல்லும் தேர்வைத் தாமும் எழுத வேண்டும். அதில் தேறினால்தான் அடுத்த நூறு டெர்பிகளை நடத்தும் தகுதி அவர்களுக்கு இருக்கும்.